தழும்பு குடிபோன வீடுகள்

சேகோ மில் களங்களில் ஜவ்வரிசி காய்கிற பருவத்தில், தெருவும் கூரையும் நாய் முதுகும் வெள்ளையாகிப் பார்க்கிறவர் கண்ணைக் கூச வைக்கிற வெங்காட்டூரில், வசுமதி என்கிற பெண்ணின் அடிவயிற்றில் இருந்த தழும்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளை விட்டுப் போனது. போனது என்றால் மாயமாய் மறைந்துவிடவில்லை, ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோகிற குடும்பம் மாதிரி, மூட்டை முடிச்சோடு, வலியோடு, அரிப்போடு, மரத்துப்போன மேல் தோலோடு இடம் மாறிப் போனது.

கல்யாணத்துக்கு முன்பு வசுமதி ஜில்லா அளவில் வாலிபால் ஆடியவள். அதற்குப் பிறகு வெங்காட்டூர் மெட்ரிக் பள்ளியில் பி.டி. டீச்சர். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதும் வாய்க்கால் கரையில் கையை வீசி நடப்பாள், குனிந்து வாசல் கூட்டுவாள், குத்துக்காலிட்டு உட்கார்ந்து துணி துவைப்பாள். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "நானே முக்கிப் பெத்துக்குவேன், நீங்க வேணும்னா பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் யுவராஜ் சேகோ மில்லில் மேனேஜர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். மாமனார் சென்னியப்பன் நாலு வயலில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டவர், ஊரில் எந்த நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்பவர். மாமியார் நல்லம்மாள், மருமகளை 'கண்ணு' என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, சும்மா ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்று டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். டாக்டரம்மா ஸ்கேன் திரையையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கழுத்துல கொடி சுத்தியிருக்கும்மா, காத்திருக்க முடியாது, இன்னைக்கே எடுத்தாத்தான்" என்றார். வசுமதி யுவராஜைத் திரும்பிப் பார்த்தாள். யுவராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை, அந்த அழுகையைப் பார்த்துத்தான் அவள் சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தெய்வானை அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்து, "புள்ளை நல்லாருந்தாப் போதும் கண்ணு" என்றாள். பையன் பிறந்தான். அழுதான், பால் குடித்தான். கண் விழித்ததும் வசுமதி முதலில் செய்தது டாக்டரம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டதுதான்.

பிறகு தழும்பு வந்தது. தையல் பிரித்த இடம் முதலில் சிவந்து, அப்புறம் தடித்து, மழைக்குப் பிறகு தரையில் ஊர்கிற மண்புழு போல மேலெழும்பி நின்றது. இருமினால் பிடுங்கியது, சிரித்தால் கிழிந்தது, உள்பாவாடை நாடா பட்டால் தீயாய் எரிந்தது. தழும்புக்கு மேல் இருந்த தோலோ கிள்ளினாலும் உணர்வில்லாமல் யாருடையதோ போல் கிடந்தது. குளிக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமலே குளித்தாள். வீட்டில் யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்கு வந்தவர்களுக்கு இலை எடுத்ததும் அவள்தான், களத்திலிருந்து வருகிறவர்களுக்கு டீ போட்டதும் அவள்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஜெரினா என்ற பெண்தான் அவளிடம் முதன்முதலாக, "அங்க தொட்டுப் பாத்தீங்களா அக்கா?" என்று கேட்டாள். வசுமதி இல்லை என்றாள். புண் முழுக்க ஆறிவிட்டதைப் பார்த்துவிட்டு ஜெரினா சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரம் துணிக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விட வேண்டும். அதற்கப்புறம் இரண்டு விரலில் எண்ணெய் தொட்டு மேலும் கீழும், பக்கவாட்டிலும், வட்டமாகவும் மெதுவாக நகர்த்த வேண்டும், தோலை லேசாகத் தூக்கி உருட்ட வேண்டும். சிலிகான் ஜெல் தடவலாம், இறுக்கமான துணி கூடாது, வெயில் படக்கூடாது. "முழுசாப் போகாதுக்கா. ஆனா உங்களோட சமாதானமாயிரும்" என்றாள்.

அப்படியே ஆனது. மாதங்கள் போகப் போக வசுமதியின் விரல் அந்த மேட்டைப் பழகியது, மேடும் அவள் விரலைப் பழகியது, சிவப்பு பழுப்பாகிப் பழுப்பு வெளுத்தது. என் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றின வழி இது, இந்த வாசல் திறந்திருக்காவிட்டால் கொடி அவன் கழுத்தை நெரித்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அதன்மேல் ஒருவிதப் பிரியம்கூட வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை குளியலறையில் எண்ணெய் தொட்ட விரலை வயிற்றில் வைத்தபோது அங்கே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தாள், கண்ணாடியில் பார்த்தாள். கன்னிப்பெண்ணின் வயிறு மாதிரி வழவழவென்று இருந்தது. ஈரத்தலையோடு ஓடி வந்து, "ஏனுங்க, இங்க பாருங்களேன்" என்று புருஷனைக் கூப்பிட்டாள். யுவராஜ் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, லுங்கியை இறக்கி, தன் அடிவயிற்றைத் திகிலோடு பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இடமிருந்து வலமாக, சிவந்து, தடித்து, இப்போதுதான் தையல் பிரித்ததுபோல் கிடந்தது அவளுடைய தழும்பு. அவளுடையதுதான், வலது ஓரத்தில் கொக்கிபோல் மேலே வளைந்திருந்ததை அவள் விரல் அறியும்.

"நோவுது வசு" என்றான் அவன்.

சமையல்கட்டில் நல்லம்மாள் அடுப்புமேடையைப் பிடித்தபடி குனிந்து நின்றுகொண்டிருந்தாள். சென்னியப்பன் சாய்வு நாற்காலியிலிருந்து எழ முடியாமல், "யாராச்சும் கை குடுங்கடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் ஒரே கோடு, ஒரே கொக்கி.

வசுமதிக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சிதான். தன் உடம்பில் இருந்த ஏதோ ஒரு விஷம் வீட்டாருக்குத் தொற்றிவிட்டது என்று நினைத்தாள். தன்னுடைய ஜெல் டப்பாவை எடுத்து வந்து மூன்று பேருக்கும் கொடுத்தாள். படுக்கையிலிருந்து நேராக எழக்கூடாது, ஒருபக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, காலைக் கீழே தொங்கவிட்டுப் பிறகுதான் எழ வேண்டும் என்று செய்து காட்டினாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னாள். யுவராஜ் வாரம் முழுக்க லீவு போட்டான். மாமனாருக்குக் கஞ்சி, மாமியாருக்குப் பூண்டுப் பால், புருஷனுக்கு முதுகுக்குத் தலையணை என்று இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வீடெல்லாம் நடந்தாள். கைவீசி நடக்க முடிந்தது, குனிய முடிந்தது, அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குள் ஊரில் மற்ற வயிறுகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. லட்டுக் கடை பழனியப்பா கல்லாவிலிருந்து எழவில்லை. ஜோசியர் மாரப்பன் பஞ்சாங்கத்தை மடியில் வைத்தால் வலிக்கிறது என்று மேஜைக்கு மாறினார். மில் ஆபீஸில் யுவராஜோடு உட்காருகிற நாலு பேர், சென்னியப்பனின் தம்பி வீட்டில் எல்லோரும், டவுனில் அந்த டாக்டரம்மா, மயக்க ஊசி போட்டவர், கார் ஓட்டிப்போன டிரைவர் சின்ராசு, கடைசியில் ஃபிளெக்ஸ் கடை குணசீலன். இவர்களுக்கெல்லாம் எப்படித் தொற்றியது, ஒரே தெருவில் இல்லை, ஒரே கிணற்றுத் தண்ணீர் இல்லை, பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று வசுமதி யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. சரி, நம்மால் வந்தது, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஜெல் டப்பா வாங்கிக்கொண்டு குணசீலன் கடைக்குப் போனாள்.

குணசீலன் இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவன், நாற்பது வயதுக்காரன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். டப்பாவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை.

"எம்மேல தப்பில்லீங் தங்கச்சி. ஆர்டர் குடுத்தா அடிக்கறது என்ற தொழிலு" என்றான்.

"என்னண்ணா சொல்றீங்க?"

"வாரிசு பொறந்த ஃபிளெக்ஸுதானுங். முந்துன நாளே வந்து சொல்லிட்டாங்க, தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாம் போட்டு அடிக்கச் சொல்லி. பையனா பொண்ணான்னு மட்டுந்தான் எடம் உட்டு வெச்சேன்."

"எதுக்கு முந்துன நாளு?"

"புள்ளை பொறக்கறதுக்கு முந்துன நாளுங்" என்றவன், அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவன் வயிற்றுக் கோடு சுரீரென்று இழுத்தது, மேஜையைப் பிடித்துக்கொண்டான். "தங்கச்சி, உங்களுக்கு… உங்களுக்குச் சொல்லாமயா பண்ணுனாங்க?"

அவள் திரும்பி நடந்தாள். கடைக்கு வெளியே வந்து வெள்ளை வெயிலில் நின்றபோதுதான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பிள்ளை பிறந்த அன்றே ஊருக்கெல்லாம் பங்கிட்ட லட்டைப் பழனியப்பா பிடித்தது முந்தின நாளாகத்தான் இருக்கும். சின்ராசு காரைக் கழுவி மாலை கட்டாததுதான் பாக்கியாக நிறுத்தியிருந்தது முந்தின நாள். மாரப்பன் அந்த லக்கினத்தைக் குறித்துக் கொடுத்தது அதற்கும் முந்தி. தழும்பு தொற்றவில்லை. தெரிந்தவர்களைத் தேடிப் போயிருக்கிறது. தெரிந்தவர்கள் வீடு வீடாக இருந்தார்கள். ஊருக்கே தெரிந்திருந்தது, கத்தி யார் வயிற்றில் இறங்கியதோ அவளைத் தவிர.

வீட்டுக்கு வந்தாள். மூன்று பேரும் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு தலையணையை வயிற்றில் வைத்தபடி.

"கொடி சுத்தியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

டிவிச் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். நல்லம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்பக் கண்ணு. நல்லதுக்குத்தான பண்ணுனோம். ரெண்டு நாள் தள்ளியிருந்தா கேட்டை நட்சத்திரம், பாட்டனுக்கு ஆகாதுன்னு மாரப்பன் சொன்னாரு. மாமாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ தாங்குவியா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொன்னா நீ ஒத்துக்கவா போற? ஊரெல்லாம் நானே முக்கிப் பெறுவேன் நானே முக்கிப் பெறுவேன்னு தண்டோரா போட்டுக்கிட்டிருந்தவ."

வசுமதி யுவராஜைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான்.

"நீ அழுதியே" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவனை ஒருமுறைகூட நீ என்று சொன்னதில்லை, அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "என்ற கையைப் புடிச்சுக்கிட்டு அழுதியே. அந்த அழுகையைப் பாத்துத்தானே நான் சரீன்னேன்."

"நெசமாத்தான் அழுதேன் வசு" என்றான் யுவராஜ். "உன்னை அறுக்கப் போறாங்கன்னு நெனைச்சா அழுகை வந்துருச்சு."

பொய் சொல்லி அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். உண்மையிலேயே அழுதுகொண்டு, உண்மையிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தொட்டிலில் கிடந்த பையன் தர்ஷன் சிணுங்கினான். அவள் போய்த் தூக்கிக்கொண்டாள். இத்தனை மாதமும் உன் உயிரைக் காப்பாற்றின வாசல் என்று எதைத் தடவிக்கொண்டிருந்தாளோ அது எதையும் காப்பாற்றவில்லை.

வெங்காட்டூர் அந்த அதிசயத்தைப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளவில்லை. எந்த ஊரும் எதையும் பழகிக்கொள்ளும். முதலில் ஒளித்தார்கள், வாய்க்காலில் குளிக்கிற ஆண்கள் பனியனோடு இறங்கினார்கள், பிறகு யாரோ ஒருவர் டீக்கடையில் சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ள, எதிர்பெஞ்சில் இருந்தவரும் தன் வயிற்றைப் பிடித்துக்கொள்ள, "உங்களுக்குமா?" என்று கேட்டுக்கொண்டதில் ஒளிவு தீர்ந்தது. அதன்பிறகு அது பேச்சானது. காலையில் எழும்போது எப்படி இழுக்கிறது, மாசி வெயிலில் எப்படி அரிக்கிறது, பைக்கில் ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் எப்படி உயிர் போகிறது என்று மீசை வைத்த ஆண்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். எனக்குத்தான் தடிப்பு ஜாஸ்தி என்று சண்டைகூடப் போட்டார்கள். டெய்லர் நடராசன் நாடா வைத்த இடுப்பில் பேன்ட் தைக்க ஆரம்பித்தார். மருந்துக்கடையில் ஜெல் வந்த அன்றே தீர்ந்தது. மில் முதலாளி தழும்பு உள்ளவர்கள் மூட்டை தூக்க வேண்டாம், நிழலில் உட்கார்ந்து சலித்தால் போதும் என்றார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டருக்கு மெத்தை நாற்காலி வந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர்சூட்டு விழா அழைப்பை வாங்கியவர் அவர். வீட்டுக்கு வீடு பெண்கள் ஆண்களுக்குக் கருவாட்டுக் குழம்பும் பூண்டு லேகியமும் கொடுத்தார்கள், வெந்நீர் வைத்தார்கள், முதுகைத் தாங்கி எழுப்பினார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வெங்காட்டூர் ஆண்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் கேட்காமலே முதுகுக்கு ஒரு திண்டு போட்டார்கள்.

வாய்க்கால் கரையில் துணி துவைக்கும்போது வெள்ளையம்மாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எனக்கு ரெண்டு ஆபரேசன் வசு. ரெண்டுக்கும் பதினாறாம் நாள் களத்துக்குப் போனேன். ஒருத்தரும் திண்டு போடல." மற்ற பெண்கள் துணியை ஓங்கி அடித்தார்கள். அவர்களுடைய தழும்புகள் அவர்களிடமே இருந்தன, அவை எங்கேயும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போன பெண்களில் பலர், சாப்பாடு போடுகிற நேரத்தில், "ஏனுங்க, நம்ம பையன் பொறந்தப்ப நெசமாவே பனிக்குடத்துல தண்ணி கொறைஞ்சிருந்துச்சா?" என்று சும்மா கேட்பது போல் கேட்டார்கள். அன்றைக்குச் சில வீடுகளில் சோறு ஆறிப்போய்க் கிடந்தது.

வசுமதியைத்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். "அவளுக்கென்ன, வயிறு வழவழன்னு இருக்குது, புள்ளை பெத்தவன்னு சொன்னா யாரு நம்புவா" என்று காதுபடவே சொன்னார்கள். கண்ணாடி முன்னால் நின்றபோது அவளுக்கே அது தோன்றியது. ஏமாற்றினதுக்கு இருந்த ஒரே அடையாளமும் ஏமாற்றினவர்களிடமே போய்விட்டது. வலித்த இடத்தில் விரலை வைத்தால் அங்கே வலி இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்று அவளுடைய சொந்தத் தோலே அவளிடம் பொய் சொன்னது. உடம்பும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டதே என்று நினைத்தபோதுதான் அவள் முதன்முதலாக அழுதாள்.

பங்குனி நோம்பித் திருவிழாவுக்கு முன்னால் மாரப்பன் கோயிலில் உட்கார்ந்து சோழி போட்டுப் பார்த்து, பரிகாரம் இருக்கிறது என்றார். யாருடையதோ அவளே ஒவ்வொருவர் வயிற்றிலும் மனமுவந்து கையை வைத்து எடுத்துக்கொண்டால் தழும்பு திரும்பிவிடும். அடுத்த நாள் காலையிலேயே சென்னியப்பன் வீட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது. கூட்டத்தின் முன்னால் நின்றிருந்த யுவராஜ், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்திப் பேசினான்.

"உன்னோடதுதான வசு. எடுத்துக்கயேன். உனக்குத்தான் பழக்கமிருக்குதே."

பழக்கமிருக்கிறது என்றான். அதைத்தான் அவள் அப்புறம் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய மனசு பண்ணும்மா" என்றார் பழனியப்பா. "நீ ஒருத்தி தாங்குனா ஊரே எந்திரிச்சு நடக்கும்."

நல்லம்மாள் கும்பிட்டாள். சென்னியப்பன், ஊருக்கே முன்னால் நிற்கிற அந்த மனிதர், துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒருவர்கூட, அத்தனை பேரில் ஒருவர்கூட, தப்புச் செய்துவிட்டோம் என்று சொல்லவில்லை. வலிக்கிறது என்றார்கள், அவ்வளவுதான்.

வசுமதி எல்லோர் முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "நான் என்ன பண்ணுனேனோ அதையே பண்ணுங்க" என்றாள். "ரெண்டு விரல்ல எண்ணெய் தொட்டு, மேல கீழ. பொறுமையாப் பண்ணணும். முழுசாப் போகாது." உள்ளே போய்ப் பையனின் துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவிலேயே நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கல்நெஞ்சுக்காரி என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

அம்மா தெய்வானையின் ஊர் மலையடிவாரத்தில் இருந்தது. அப்பா இறந்தபிறகு அவள் அங்கே சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். மூட்டுவலி, பஸ் ஏற முடியவில்லை என்று போனில் சொல்லிக்கொண்டு பல மாதமாக மகளைப் பார்க்க வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த வழியெல்லாம் வசுமதி ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அம்மா மடியில் தலையை வைத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியுமா அம்மா, எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் அதைச் சொல்வதற்கு அவளுக்கு ஒரு ஆள் மிச்சமிருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் கவிழ்த்துக் கிடந்த நேரம். தெய்வானை கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். "அம்மா" என்று வசுமதி கூப்பிட்டாள்.

தெய்வானை கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. அவசரமாக எழப்போனவள் பாதியில் நின்று, ஒருபக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, காலைக் கீழே தொங்கவிட்டு, ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வசுமதி வாசற்படியைத் தாண்டவில்லை.

மகளின் பார்வை போன இடத்தைப் பார்த்த தெய்வானை கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"உனக்குமா அம்மா" என்றாள் வசுமதி.

"எங்கிட்டக் கேட்டாங்க கண்ணு" என்றாள் தெய்வானை. "உன்ற மாமனார் வந்து இங்கதான் உக்காந்து கேட்டாரு. நீங்க சொன்னாத்தான் புள்ளை கேக்கும்னாரு. நான் என்ன பண்ணட்டும்? நாளைக்கு அந்த வீட்டுல ஒரு சாவு உழுந்தா, உன்ற புள்ளை பொறந்த நேரந்தான்னு ஆயுசுக்கும் உன்னைக் குத்திக்காட்டுவாங்க. ஆம்பளை இல்லாத வூடு. அவங்க உன்னைத் திருப்பி அனுப்புனா நான் எங்க வெச்சுக் காப்பாத்துவேன்? ஒரு கோடுதான, ஆறிப்போயிரும்னு நெனைச்சேன்."

"என்ற நெத்தியைத் தடவிக்கிட்டே இருந்தியே."

"தடவாம இருக்க முடியலையே கண்ணு."

கட்டிலுக்கு அடியில் இருந்த கோழி வெளியே போனது. தர்ஷன் அம்மாயியைப் பார்த்துக் கையை நீட்டினான். தெய்வானை கையை நீட்டவில்லை, அந்த உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியாதவள்போல் நின்றாள். வசுமதி வாசலிலேயே நின்றாள். புருஷன் செய்ததைக் கேட்டபோது கோபம் வந்தது, ஊர் செய்ததைப் பார்த்தபோது அழுகை வந்தது. இப்போது இரண்டும் வரவில்லை. காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி, நிற்கிறோம் என்பதை நம்பியே நிற்கிற மாதிரி இருந்தது.

"எடுத்துக்கச் சொல்லி நீ மட்டும் வந்து கேக்கலையே" என்றாள் கடைசியில்.

"எப்படிக் கேப்பேன்?" என்றாள் தெய்வானை. "இருக்கட்டும். எங்கிட்டயே இருக்கட்டும். நான் செத்தா அதுவும் என்னோட வெந்து போகட்டும்."

வசுமதி உள்ளே வந்தாள். பையனைக் கட்டிலில் உட்கார வைத்தாள். அம்மாவின் முந்தானையை விலக்கிச் சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்தி, தன்னைப் பெற்ற, சுருக்கம் விழுந்த அந்த வயிற்றில் கையை வைத்தாள். இடமிருந்து வலமாகத் தடவினாள், வலது ஓரத்தில் கொக்கி இருந்தது. வேண்டாம் கண்ணு, வேண்டாம் என்று தெய்வானை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வசுமதி விடவில்லை. மேடு கைக்குக் கீழே மெல்லத் தாழ்ந்தது, தாழ்ந்து தாழ்ந்து சுருங்கிய தோல் மட்டும் மிச்சமானது. அதே நேரம் அவளுடைய வயிற்றில் ஒரு சூடு பரவி, இறுகி, சுரீரென்று இழுத்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டாள். நெசமாக நடந்ததுதான் என்று அந்த வலி சொன்னது. இத்தனை நாள் கழித்து அவளிடம் உண்மை பேசிய முதல் ஆள் அதுதான்.

தெய்வானை தன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகளின் காலருகே உட்கார்ந்து, தலையைக் கட்டில் சட்டத்தில் சாய்த்துக்கொண்டு தேம்பினாள்.

"என்னை மன்னிச்சுட்டியா கண்ணு?"

"இல்லம்மா" என்றாள் வசுமதி. குரலில் சூடு இல்லை, பாத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். "அது என்னுது. நான் எடுத்துக்கிட்டேன். அவ்ளோதான்."

"எனக்கு இப்ப நோவே இல்லையே. நான் என்னன்னு இருக்கறது?"

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு."

வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தர்ஷன் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தான். வசுமதி எழுந்து, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். பசித்தது. ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காராமல், எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பையனுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். தெய்வானை பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தாள், கேட்கவில்லை.